இருபத்தைந்து அடி டேப்

பாப்பா,

நரசிங்கம்பேட்டை நாயனப் பட்டறைப் பேட்டியை இரண்டு தடவை கேட்டேன். "இந்தத் துறைக்கு எப்படி வந்தீங்க?" என்று நீ தொடங்கியதும் எனக்கு இருப்பு கொள்ளவில்லை. நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளைக்கு நீளமான பாரி நாயனம் செய்துகொடுத்த ஊர் அது. அங்கே போய் இதைக் கேட்டால், "அப்பா செஞ்சாரு, நானும் செய்யறேன்" என்பதைத் தவிர வேறு என்ன வரும்? அப்புறம் மூலையில் கிடந்த, நாயனம் கடைய பழைய வீடுகளிலிருந்து வாங்கும் ஆச்சா மரக்கட்டையைப் பார்த்து, "இது யார் வீட்டு உத்தரம்?" என்றாய் பார், அதுதான் கேள்வி. மனிதர் அதற்குப் பிறகுதான் பேசவே ஆரம்பித்தார். எந்த ஊர், எந்தத் தெரு, வீடு இடிக்கும்போது போய் நின்றது, எல்லாம் வந்தது. 2022இல் கிடைத்த புவிசார் குறியீடு பற்றிய பகுதியைக் குறைத்திருக்கலாம். அது பேப்பரில் கிடைக்கும். கட்டையைத் தட்டிக் காட்டிய அந்த 'டங்' கிடைக்காது.

பேட்டி வெளியானதும், இடமில்லையென்று முழுப் பதிவையும் அழித்துவிட்டதாகப் போனில் சொன்னாய். அப்போது எனக்கு வாய் வரவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வானொலியில் எங்களுக்கு டேப் விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். நேரத்தை விரலால் அளக்கலாம். எண்பதுகளில் ஒரு பெரிய நாகஸ்வர வித்வானை அவர் வீட்டுத் திண்ணையிலேயே பதிவு செய்தேன். நடுவில் அவர் பேச்சை நிறுத்திவிட்டு, நாயனத்தின் முனையில் செருகி ஊதும் திருவாவடுதுறைச் சீவாளி ஒன்றை எடுத்து வாயில் நனைத்து, 'பீ' என்று ஊதிப் பார்த்தார். முகம் சுளித்து அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். மூன்றாவது சீவாளிதான் பிடித்தது. நாற்பது விநாடி. எனக்குக் கொடுத்ததோ பதினான்கு நிமிடம். இரண்டு பக்கமும் பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டினேன். இருபத்தைந்து அடி டேப் காலடியில் சுருண்டு கிடந்தது. கூட்டிக் கூடையில் போட்டவனும் நானே.

பல வருஷம் கழித்து அவர் பேரன் வந்தான். பதினான்கு நிமிடத்தையும் கேட்டுவிட்டு, "தாத்தா சீவாளி பார்க்கிறது இருக்கா சார்?" என்றான்.

எங்களுக்காவது டேப் பஞ்சம். உனக்கு என்ன? இரண்டு மைக்கில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று உயர்ந்த தரத்தில் பதிவு செய்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி சொச்சம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு டிபி டிஸ்க்கில் தொள்ளாயிரம் மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். நீ மாதம் இரண்டு பேரைப் பேட்டி எடுக்கிறாய். என் ஆயுசுக்குள் நிறையாது.

பேட்டியை உன் இஷ்டத்துக்கு வெட்டிக்கொள், அதில் நான் தலையிட மாட்டேன். வெட்டாததையும் வை. பெயர், ஊர், தேதி போட்டு வை. 'ஃபைனல் புதுசு 2' என்றெல்லாம் வைக்காதே.

அம்மா பார்சல் அனுப்பியிருக்கிறாள். பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில், துண்டில் சுற்றி, இரண்டு டிஸ்க் இருக்கும். ஒன்று உனக்கு. இன்னொன்றில் நகல் எடுத்து, தீபாவளிக்கு வரும்போது என்னிடம் கொடு.

அப்பா