வீட்டுப் பிணக்குகளால் அல்லலுறும் குடும்பங்களுக்கும் இளையோருக்கும் ஊரிலேயே உதவி கிடைக்க வழிசெய்யக் கோரும் மனு

பெறுநர்:
அரசாங்க அதிபர்,
மாவட்டச் செயலகம், யாழ்ப்பாணம்.

அனுப்புநர்:
பெற்றோரும் ஆசிரியர்களும்,
வடமராட்சி கிழக்கு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் ஊர் வாசிகசாலையில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெடியன், பாடம் முடிந்தும் போகாமல் வாங்குகளை அடுக்கிக்கொண்டே நிற்பான். மூன்று இரவுகள் அம்மன் கோயில் மண்டபத்தில் படுத்தான் என்பது பிறகுதான் தெரிய வந்தது. குடித்துவிட்டு வந்து தாயை அடித்த தகப்பனைத் தடுத்ததற்காக அவனை வீட்டை விட்டுத் துரத்தியிருக்கிறார்கள்.

பொலிசுக்குப் போவோமா என்று தாயிடம் கேட்டேன். "அவரைப் பிடிச்சுக்கொண்டு போனா ஆர், ரீச்சர், தொழிலுக்குப் போறது? பிள்ளையையும் இல்லத்தில விட்டிடுவினம்" என்று அழுதார். எனக்குப் பதில் வரவில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். சிறுவருக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கங்கள் உண்டு. பிரதேச செயலக மட்டத்தில் உளவளத்துணை, சிறுவர் உரிமை, பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் பணிபுரிகிறார்கள். ஆனால் அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு கைத்தொலைபேசி, அதுவும் தகப்பனின் சட்டைப் பையில். காலை 8.30 முதல் மாலை 4.15 வரை அலுவலகம் திறந்திருக்கும்போது பிள்ளை பள்ளியில், தாய் கருவாட்டு வாடியில், தகப்பன் இரவுக் கடலால் வந்து நித்திரையில். அப்படியே ஒருநாள் போனாலும், பொழுதுபடுமுன் ஊர் முழுக்கக் கதை பரவிவிடும்.

தகப்பனைப் பற்றியும் எழுத வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று தன் தாயைக் கடலுக்குக் கொடுத்தவர் அவர். பிறகு இடம்பெயர்வு, முகாம், மீள்குடியேற்றம். இத்தனைக்கும் நடுவே அவரை இருத்தி வைத்து ஒருவரும் கதைத்ததில்லை. அடித்தது பிழைதான், அதில் எங்களுக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனாலும் அவருக்கும் உதவி தேவை.

ஆகவே உளவளத்துணை உத்தியோகத்தர் ஒருவர் வாரத்தில் ஒரு பின்னேரமும் சனிக்கிழமையும் எங்கள் வாசிகசாலைக்கு வர ஒழுங்கு செய்து தாருங்கள். பெயர்ப்பலகை வேண்டாம். புத்தகம் எடுக்க வருவதுபோல் வந்து கதைத்துவிட்டுப் போகட்டும். சொன்னது வெளியே போகாது என்ற உறுதி எழுத்தில் வேண்டும். ஆண்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள், கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் மாதம் ஒருமுறை சந்தித்தால் வருவார்கள்.

வீட்டில் இருக்க முடியாத பிள்ளைக்கு இரண்டொரு இரவு தங்க, நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் ஊருக்குள்ளேயே நம்பகமான வீடுகளை ஒழுங்கு செய்ய வேண்டும். அப்படியொரு ஏற்பாடு இருந்திருந்தால் அந்தத் தாய் அன்றைக்கே எங்களிடம் வந்திருப்பார். பெடியன் இப்போது மாமன் வீட்டில் இருக்கிறான். அங்கே ஏற்கனவே ஆறு பேர்.

வாசிகசாலையின் பின்னறையைக் கூட்டித் துப்புரவாக்கி, இரண்டு கதிரைகளும் போட்டுவிட்டோம். திறப்பு என்னிடம் இருக்கிறது. உத்தியோகத்தர் வரும் நாளை அறிவித்தால் திறந்து வைப்பேன்.

இப்படிக்கு,
ஊர்ப் பெற்றோர், ஆசிரியர்கள் சார்பில்,
வாசிகசாலை ஆசிரியை