3 சதவீதத்துக்கு மாலை போடுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பின் மனநலக் கட்டுரையில் ஒரு வரி: “அமெரிக்காவில் 19 சதவீதம் பேருக்குப் பதற்றக் கோளாறு, இந்தியாவில் 3 சதவீதம்கூட இல்லை. நம் கூட்டுக் குடும்பமே காரணம்.” அச்சுக்கு அனுப்புமுன் கூட்டுக் குடும்பத்து மருமகள் யாரிடமாவது ஒருமுறை காட்டியிருக்கலாம்.

இரண்டு எண்களும் பொய்யில்லை. ஒன்றோடொன்று ஒட்டாதவை, அவ்வளவுதான். அமெரிக்காவின் 19.1 என்பது 12 மாதத்துக்குள் எப்போதாவது கோளாறு இருந்தவர்களின் கணக்கு, 2001–03இல் எடுத்தது. நம்முடைய 2.57, பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. நேர்காணல் சமயத்தில் கோளாறு இருந்தவர்களை மட்டும் சொல்வது. போதாததற்கு, ஊசி, உயரம், நாய் என்று குறிப்பிட்ட ஒன்றுக்கு மட்டும் அஞ்சும் கோளாறே அமெரிக்காவில் 9.1 சதவீதம். நிம்ஹான்ஸ் எடுத்துக்கொண்ட ‘மினி’ என்ற சுருக்கமான நேர்காணல் படிவத்தில் அதற்குத் தனிப் பகுதியே கிடையாது. கேட்காத கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்?

கேட்ட கேள்வியிலும் சிக்கல் உண்டு. அந்தப் படிவத்தில் பெரும்பாலான பகுதிகளுக்குத் தொடக்கக் கேள்விதான் வாசல். ஆறு மாதமாகப் பல விஷயங்களுக்கும் அளவுக்கு மீறிக் கவலைப்பட்டீர்களா என்றதற்கு “இல்லை” என்று வந்தால், தூக்கம், களைப்பு, உடல் இறுக்கம் எதையும் கேட்காமல் அடுத்த பகுதிக்குப் போய்விட வேண்டும். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது ஒரு பெண் என்ன சொல்வார்? “அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, நெஞ்சு மட்டும் அப்பப்போ படபடன்னு அடிச்சுக்கும்.” பக்கம் புரண்டுவிடும். ஈசிஜி நார்மல், வாயு மாத்திரை என்று அலையும் அவரும் உங்கள் 97 சதவீத நிம்மதிக்காரர்களில் ஒருவர்.

உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. அதில் பதற்றக் கோளாறு ஷாங்காயில் 2.4, அமெரிக்காவில் 18.2. சில நாடுகளில் உண்மையைவிடக் குறைவாகப் பதிவாகியிருக்கலாம் என்று நடத்தியவர்களே எச்சரித்தார்கள். தங்கள் கட்டுரையாளருக்கு அந்தத் தயக்கம் இல்லை.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். “கல்லூரி மாணவர்களில் பாதிப்பேருக்கு மனப்பதற்றம்” என்று முதல் பக்கத்திலேயே போட்டீர்கள். கூகுள் படிவத்தில் பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 வினாப்பட்டியலின் ஏழு கேள்விகள். 10 மதிப்பெண் வந்தால் கோளாறாம்! அது வடிகட்டும் கருவி, நோயை உறுதி செய்வதல்ல. 1,000 பேரில் உண்மையாகவே 30 பேருக்குக் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவியை உருவாக்கியவர்கள் தந்த அளவுப்படி (உள்ளவரைப் பிடிப்பது 89 சதவீதம், இல்லாதவரைச் சரியாக விடுவது 82) 27 பேர் சரியாகச் சிக்குவார்கள். கூடவே, கோளாறு இல்லாத சுமார் 175 பேரும் சிக்குவார்கள். தலைப்பில் 202 பேரும் நோயாளிகள்.

2022இல் “கொரோனாவால் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடின” என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அறிவிப்பு, தங்கள் பெட்டிச் செய்தியில் “நால்வரில் ஒருவருக்கு” என்று ஆனதையும் மறக்கவில்லை. பதற்றக் கோளாறில் நூற்றுக்கு நான்கு சுமார் ஐந்தானது, ஐயா.

இவை தங்களுக்குத் தெரியாதவை அல்ல. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது. கேட்பது சின்ன விஷயம். இனி சதவீதம் போடும்போது பக்கத்தில் எந்தக் காலத்துக்கு, எந்தப் படிவத்தால், எந்தெந்தக் கோளாறுகளைச் சேர்த்து என்று ஒரு வரி வரட்டும். ஞாயிற்றுக் கட்டுரைக்குத் திருத்தமும் ஒரு வரி போதும். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் படத்தையும் மாற்றினால் நல்லது. ஒவ்வொரு மனநலக் கட்டுரைக்கும் அவரே வருகிறார்.

– கள ஆய்வு வாசகர், வேலூர்