சாலட் டிரெஸ்ஸிங் கேட்டியே, இந்தா எழுதிட்டேன்

அடியே,

உன் லெட்டர் வந்துச்சு. முழங்கால் வலி கொறஞ்சு மாடிப்படி ஏறுறேன்னு படிச்சதும் தான் எனக்கு நிம்மதி, பொண்ணுக்கு வேலை கெடச்சத போயி கடைசி வரியில எழுதியிருக்க பாரு, உன்ன என்ன சொல்றது! இங்க எல்லாரும் சௌக்கியம், இவரு ரிட்டயர் ஆனதுல இருந்து கிச்சன்ல நான் எதத் தொட்டாலும் பக்கத்துல நின்னு ஏன் எதுக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு, அது ஒண்ணு தான் தலைவலி.

சரி, நீ கேட்டதுக்கு வரேன். பாட்டில் டிரெஸ்ஸிங் இல்லாம சாலட் உள்ள எறங்க மாட்டேங்குது, ஆனா லேபிளப் படிச்சா பயமா இருக்குன்னு எழுதியிருந்த. சாந்தன் கம்னு போட்டிருக்கறதப் பாத்து பயப்படாத, அது சும்மா கெட்டியாக்கறதுக்கு. எது எடை ஜாஸ்தியோ அது தான் லேபிள்ல மொதல்ல வரும், அதனால எண்ணெயும் சர்க்கரையும் எத்தனாவது எடத்துல இருக்குன்னு மட்டும் பாரு, நம்ம வயசுக்கு அது தான் கவனிக்க வேண்டியது.

வீட்ல செய்யறதுன்னா நான் தயிர் கட்சி. ஒரு கப் கெட்டித் தயிர மெல்லிசு துணியில கட்டி வடிகட்டி மேல வச்சு ஃபிரிட்ஜ்ல ரெண்டு மூணு மணி நேரம் விட்டுடு, தண்ணி எறங்கி, ஸ்பூன நட்டா சாயாம நிக்கும், அந்த பதம் தான். எறங்குன தண்ணியக் கொட்டிடாத, கடைசியில ரொம்ப கெட்டியாப் போனா அதையே ஊத்தி தளர்த்திக்கலாம். அப்புறம் ஒரு கிண்ணத்துல மொதல்ல எலுமிச்சம் சாறு ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு, சின்னதா ஒரே ஒரு பல் பூண்டு நசுக்கி உடனே சாறுல போட்டு பத்து நிமிஷம் விடு. இந்த வரிசைய மாத்தாத. உப்பு எண்ணெயில கரையவே கரையாது, புளிப்புல தான் கரையும், பூண்டோட அந்த மூக்குல ஏறுற காரமும் நசுக்குனதுக்கு அப்புறம் தான் உருவாகுது, புளிப்புல விழுந்தா அது அடங்கிடும். பெறகு அர ஸ்பூன் கடுகு பேஸ்ட், மெளகுத்தூள், வடிச்ச தயிர் எல்லாம் போட்டு அடிச்சு, ரெண்டு ஸ்பூன் ஆலிவ் ஆயில நூல் மாதிரி ஊத்திக்கிட்டே கலக்கு, பளபளன்னு வரும். டாக்டர் எண்ணெயக் கொறைக்கச் சொன்னாருன்னு அந்த ரெண்டு ஸ்பூனையும் விட்டுடாதடி, கேரட்லயும் கீரையிலயும் இருக்கற பீட்டா கரோட்டின் ஒடம்புல சேரணும்னா கொஞ்சமாவது கொழுப்பு வேணும்.

உப்பு சரியா இருக்கான்னு ஸ்பூன்ல நக்கிப் பாக்காத, ஒரு இலைய முக்கித் தின்னு பாரு. தனியா நக்குனா கரிக்கறது இலையோட சேரும்போது சரியா இருக்கும்.

இவரு முட்டை கட்சி. மஞ்சக்கரு, கடுகு, எலுமிச்சை, அதுல எண்ணெய சொட்டு சொட்டா விட்டு அடிக்கணும், மஞ்சக்கருவுல இருக்கற லெசித்தின் தான் எண்ணெயையும் தண்ணியையும் பிரியாம புடிச்சு வைக்குது. அவசரப்பட்டு ஊத்துனா திரிஞ்சு போயிடும், போனா தூக்கிப் போட வேணாம், வேற கிண்ணத்துல ஒரு ஸ்பூன் கடுகு பேஸ்டும் கொஞ்சம் தண்ணியும் விட்டு, திரிஞ்சதக் கொஞ்சம் கொஞ்சமா அதுல ஊத்தி அடிச்சா பெரும்பாலும் திரும்பிடும். எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் ஆயில மிக்ஸியில போட்டு ஓட்டாத, சில சமயம் கசந்துடும். பச்ச முட்டைங்கறதால பாஸ்சரைஸ் பண்ண, அதாவது லேசா சூடு காட்டி கிருமிய அழிச்ச, முட்டை கெடச்சா தான் செய், இல்லன்னா இத விட்டுடு. இத அடிக்கும்போதெல்லாம் இவரு, இந்த மாதிரி முட்டை டிரெஸ்ஸிங் போட்டுச் செய்யற சீசர் சாலட்டோட கதைய எடுத்துடுவாரு, அது ரோம் நாட்டு சீசர் இல்லையாம், மெக்சிகோவுல டிஹுவானாவுல ரெஸ்டாரன்ட் வச்சிருந்த சீசர் கார்டினியாம், 1924லயாம், எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு.

உன் பொண்ணு பால் தயிர் தொட மாட்டாளே, அவளுக்கு எள்ளு அரைச்ச தஹினி பேஸ்ட் வாங்கிக் குடு. எலுமிச்சம் சாறு விட்டதும் சிமென்ட் மாதிரி இறுகிடும், கெட்டுப் போச்சுன்னு நெனச்சிடாத, ஜில் தண்ணி ஸ்பூன் ஸ்பூனா விட்டு அடிச்சா வெளுத்துக்கிட்டே எளகி க்ரீம் ஆயிடும், பாக்கவே வேடிக்கையா இருக்கும்.

இலைய நல்லாத் தொடச்சிடு, ஈரம் இருந்தா டிரெஸ்ஸிங் ஒட்டாம வழுக்கி எல்லாம் தட்டுக்கு அடியில தான் கெடக்கும். சாப்பிடறதுக்கு முன்னாடி தான் கலக்கணும். தயிர்ல செஞ்சது ஃபிரிட்ஜ்ல நாலு நாள் இருக்கும், முட்டை போட்டத ரெண்டு நாள்ல முடிச்சிடு, வெளிய மட்டும் வச்சுடாத.

வாய் அகலமான ஜாம் பாட்டில் காலியானா கழுவி எடுத்து வை, டிரெஸ்ஸிங்க அதுலயே ஊத்தி வச்சுக்கிட்டு வேணுங்கறப்ப ஒரு குலுக்கு குலுக்கி எடுத்துக்கலாம். செஞ்சுட்டு எழுது, தயிரா தஹினியான்னு.

உன் பழைய பெஞ்ச் தோழி