‘போல’வுக்குப் பின் ஒரு துருதம்

அன்பு நண்பா,

இங்கு அனைவரும் நலம். அத்தை முழங்கால் வலியோடு பிரகாரம் சுற்றுவதை இன்னும் விடவில்லை. தீபாவளிக்கு நான் அனுப்பிய பதிவுகளைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதாதது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் நம் மிருதங்கக்காரருக்கும் எனக்கும் மூண்டிருக்கும் வழக்கில் உன்னைத் தவிர வேறு யாரிடமும் தீர்ப்புக் கேட்க எனக்கு மனமில்லை.

குறுந்தொகை 40-ஆம் பாட்டை, அதுதான் ‘யாயும் ஞாயும்’, சஹானா ராகத்தில் அமைத்திருக்கிறேன். அகவலை, அதாவது ஆசிரியப்பாவை, ஓதலாமே தவிர மெட்டில் அடைக்க முடியாது என்று விடுதி மாடியில் அடித்துப் பேசியவன் நீ. அந்தப் பேச்சைத் திரும்பப் பெறத் தயாராகிக்கொள். ஆதி தாளத்தில் அடிக்கு ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு முழுச் சுற்று, சீருக்கு இரண்டு அட்சரம் (எண்ணிக்கை) என்று வைத்தால் நாற்சீர் அடிகள் அப்படியே உட்கார்ந்துவிடுகின்றன. முதல் மூன்று அடிகளும் கேள்விகள் என்பதால் ஒவ்வொன்றையும் ‘ரி’ என்னும் ரிஷபத்தில் நிறுத்தி, பாட்டு வந்து அடங்கும் ‘ஸ’வை, ஆதார ஷட்ஜத்தைக் கடைசி அடிக்கென்று காத்து வைத்தேன்.

சிக்கல் நான்காம் அடியில்தான். நேரிசை ஆசிரியப்பாவுக்கு ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீர் அல்லவா? ‘செம்புலப் பெயனீர் போல’ என்று பாடி முடித்ததும் கடைசித் துருதம், அதாவது தாளத்தின் கடைசி இரண்டு அட்சரம், காலியாக நிற்கிறது. ‘போல, போல’ என்று இரட்டித்து அதை நிரப்பச் சொல்கிறார் மிருதங்கக்காரர். எனக்குச் சம்மதமில்லை. மழைநீர் செம்மண்ணில் இறங்கிச் சிவக்க ஒரு கணமாவது வேண்டாமா? புலவர் விட்ட இடத்தைச் சொல்லால் மூட எனக்கு உரிமை இல்லை.

இதே பாட்டைக் கிட்டாரில் மேற்கத்திய பாணியிலும் அமைத்தேன். அங்கே சீருக்கு ஒரு தட்டு. நான்காம் அடிக்கு மட்டும் மூன்று தட்டோடு அடுத்த அடிக்குப் போய்விட்டேன். தலைவன் ஒரு தட்டு முந்திக்கொண்டு ‘அன்புடை நெஞ்சம்’ என்று சொல்லிவிடுகிறான். அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது. தெம்மாங்கில் போட்டதை மட்டும் ஒதுக்கிவிட்டேன். மெட்டில் குறையில்லை. ஆனால், இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சி முகம் வாடிய தலைவியைப் பார்த்துத் தலைவன் சொல்வதாகத்தானே பாட்டின் துறைக்குறிப்பு இருக்கிறது? பயந்து நிற்கும் பெண்ணிடம் உடுக்கை அதிரக் கொண்டாட்டமாகப் பாடினால் அவளுக்கு எப்படி ஆறுதல் வரும்? பாடும் பிள்ளையிடமும் இதையே சொல்லி, ‘பெயல்’ என்பதில் உள்ள குறிலை ஒருபோதும் இழுக்காதே என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். இழுத்தால் மழை பேயாகிவிடும்.

அந்தத் துருதத்தில் தம்பூரா மட்டும் ஒலித்தால் போதுமா, அல்லது உன் வயலின் ரிஷபத்தை மெல்லப் பிடித்துக்கொண்டு நிற்கலாமா? வாசித்துப் பார்த்து எழுது. மிருதங்கக்காரர் ஞாயிறு மாலை மறுபடியும் வருகிறார். அதற்குள் உன் பதில் என் கையில் இருக்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்