பூட்டுச் சின்னம் எதற்குச் சாட்சி?

ஆசிரியருக்கு வணக்கம்.

இணைய மோசடி பற்றிப் பத்திரிகைகளில் கட்டுரை வரும்போதெல்லாம் ஓர் அறிவுரை தவறாமல் இடம்பெறுகிறது: ‘முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் நம்பலாம்.’ பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதில் ஓரளவு பொருள் இருந்தது. இன்று வாசகரை நேராகக் குழியில் இறக்கிவிடுவது இந்த அறிவுரைதான். குரோம் பிரவுசர் 2023 செப்டம்பரில் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது. பூட்டைப் பார்த்தால் ‘நல்ல தளம்’ என்று மக்கள் தவறாக எண்ணுகிறார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பத்திரிகைகள் மட்டும் இன்னும் அதே பூட்டுப் படத்தைப் போட்டுக்கொண்டிருக்கின்றன.

பூட்டுக்குப் பின்னால் இருப்பது, தளம் பிரவுசரிடம் காட்டும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ். அந்தச் சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். நன்னடத்தைச் சான்றிதழ் போல ஏதோ ஒன்று என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் அது சொல்வது இவ்வளவுதான்: முகவரிப் பட்டையில் உள்ள பெயர் யார் கையில் இருக்கிறதோ, அவருடைய சர்வரோடுதான் நீங்கள் பேசுகிறீர்கள். அந்த ஆள் யோக்கியரா என்று யாரும் விசாரிப்பதில்லை. விண்ணப்பிப்பவர் ஒரு சிறு கோப்பைத் தளத்தில் சொன்ன இடத்தில் வைக்க வேண்டும், அல்லது டிஎன்எஸ் பதிவில் (தளத்தின் பெயர் எந்த சர்வருக்குரியது என்று சொல்லும் பதிவு) ஒரு வரி சேர்க்க வேண்டும். எதிர்முனையில் ஒரு கணினி அதைப் பார்த்துவிட்டுச் சில நிமிடங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடும். லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு 2015 இறுதியிலிருந்து இதை இலவசமாகவே செய்கிறது. இணையம் முழுக்கக் குறியாக்கம் பரவியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு, நல்ல காரியம்தான். ஆனால் போலி வங்கித் தளம் நடத்துபவனும் அதே வரிசையில் நின்று அதே சான்றிதழை வாங்கிக்கொள்ளலாம். நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரைச் சரிபார்த்துக் கொடுக்கும் விலை உயர்ந்த வகையும் உண்டு. முகவரிப் பட்டையில் அந்தப் பெயரைத் தனியாகக் காட்டும் வழக்கத்தைக் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2019-லேயே கைவிட்டுவிட்டன. யாரும் அதைக் கவனிக்கவில்லை என்பதால்.

ஆகவே வாசகர் பார்க்க வேண்டியது பெயரை. அதைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. ‘எச்டிடிபிஎஸ்’ என்பதை அடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டுங்கள். பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் நின்று, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். ‘உங்கள்வங்கி டாட் காம் டாட் லாகின்-செக் டாட் டாப்’ என்று இருந்தால், வலக்கோடியில் உள்ள ‘லாகின்-செக் டாட் டாப்’தான் உரிமையாளரின் பெயர். அதற்கு முன்னால் வங்கிப் பெயரை ஒட்டிக்கொள்ள யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ‘கோ டாட் யூகே’ போன்ற முடிவுகளில் மட்டும் கடைசி மூன்று துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கைபேசியில் முகவரி பாதியில் வெட்டுப்பட்டுத் தெரியும். பட்டையைத் தொட்டு முழுவதையும் பார்த்த பிறகே எதையும் தட்டச்சு செய்ய வேண்டும்.

கண்ணை முழுவதும் நம்பவும் முடியாது. ஆங்கிலத்தின் லத்தீன் ‘ஏ’ எழுத்தும் ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் ‘ஏ’ எழுத்தும் திரையில் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரியும். 2017-ல் ஓர் ஆய்வாளர், ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போலவே தோன்றும் பெயரை முழுக்கச் சிரிலிக் எழுத்துகளால் பதிவு செய்து காட்டினார். அதற்கும் முறையான சான்றிதழ் கிடைத்தது, பூட்டும் தெரிந்தது. பிரவுசர்கள் அதன்பின் விதிகளை இறுக்கின என்றாலும், இந்த வேலையைக் கண்ணிடம் விடாமல் இயந்திரத்திடம் விடுவதே மேல். பாஸ்வேர்டு மேனேஜர் தான் சேமித்து வைத்த பெயரையும் எதிரே உள்ள தளத்தின் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். வழக்கமாகத் தானே நிரப்பும் கட்டம் ஒருநாள் காலியாக இருந்தால், கையால் நிரப்பிவிடாமல் அங்கேயே நிறுத்துங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கருவியே வைத்திருக்கும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீ இன்னும் ஒரு படி மேல். அது பெயரோடு கட்டப்பட்டிருப்பதால், நீங்கள் ஏமாந்தாலும் வேறு பெயருள்ள தளத்தில் அது வேலை செய்யாது. ஓடிபிக்கு அந்த வலிமை இல்லை. போலித் தளத்தில் நீங்கள் தட்டச்சு செய்யும் ஆறு இலக்கத்தை மோசடிக்காரன் அடுத்த நொடியே அசல் தளத்தில் போட்டுவிடுவான்.

இனி, எச்சரிக்கைத் திரை. ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’ என்று வந்ததும் பலர் ‘தொடரவும்’ என்பதைத் தேடிப்பிடித்து அழுத்துகிறார்கள். முதலில் இன்னொரு பெரிய தளத்தைத் திறந்து பாருங்கள். எல்லாத் தளத்திலும் அதே எச்சரிக்கை என்றால் கோளாறு உங்கள் கருவியிலோ நீங்கள் இணைந்திருக்கும் வைஃபையிலோ இருக்கிறது. ஒரே தளத்தில் மட்டும் என்றால் பெரும்பாலும் தவறு அந்தத் தளத்தினுடையது. கருவி என்றால் முதல் சந்தேகம் கடிகாரத்தின் மேல் விழ வேண்டும். பேட்டரி தீர்ந்து தேதி சில ஆண்டுகள் பின்னால் போனால், நேற்று வழங்கப்பட்ட சான்றிதழ் ‘இன்னும் நடைமுறைக்கு வரவில்லை’ என்று ஆகிவிடும். தேதியைத் தானியங்கியாக வைத்தால் தீர்ந்தது. பொது வைஃபையில் என்றால், உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டுவதற்காக அது உங்கள் கோரிக்கையை இடைமறித்திருக்கலாம். கருவி காட்டும் ‘நெட்வொர்க்கில் உள்நுழைக’ அறிவிப்பு வழியாகப் போங்கள். மிகப் பழைய கைபேசிகளுக்கு வேறு சிக்கல்: அவற்றில் உள்ள மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையாகக் கருவி வைத்திருப்பது) பட்டியலே காலாவதியாகியிருக்கும். 2021 செப்டம்பர் 30-ல் ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, நல்ல நிலையில் இருந்த எத்தனையோ தளங்கள் பழைய கருவிகளில் திறக்காமல் போயின. இவை எதுவும் பொருந்தாமல், பணமோ பாஸ்வேர்டோ கேட்கும் தளத்தில் எச்சரிக்கை வந்தால் விலகிவிடுங்கள். சில தளங்களில் ‘தொடரவும்’ வாய்ப்பே இருக்காது. அந்தத் தளமே அப்படிக் கட்டளையிட்டு வைத்திருக்கிறது, சுற்றுவழி தேடாதீர்கள்.

எச்சரிக்கையை மதித்த ஒருவரால் என்ன நடந்தது என்பதற்கு 2011 சாட்சி. நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை வழங்கிக்கொண்டார்கள். அதில் கூகுள் பெயரும் ஒன்று; ஈரானில் உள்ளவர்களின் மின்னஞ்சலை இடைமறிக்க அது பயன்பட்டது. கூகுளின் அசல் சான்றிதழ் எதுவாக இருக்கலாம் என்று குரோமுக்குள்ளேயே குறித்து வைத்திருந்ததால் அது எச்சரித்தது. அங்கிருந்த பயனர் ஒருவர் அதைத் தட்டிவிட்டுப் போகாமல் ‘இது என்ன’ என்று பொதுவில் கேட்டார். குட்டு உடைந்தது, அடுத்த மாதமே நிறுவனம் திவாலானது. இன்று வழங்கப்படும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். 2018 ஏப்ரல் கடைசிக்குப் பிறகு வழங்கப்பட்டது எதுவாயினும், பதிவேறாவிட்டால் குரோம் ஏற்காது. உங்கள் டொமைன் (தளத்தின் முகவரி) பெயரில் யாராவது சான்றிதழ் வாங்கியிருக்கிறார்களா என்று அதில் நீங்களே தேடலாம். திருடர்களும் அதைத்தான் தேடுகிறார்கள் என்பதால், உள்வேலைக்கான சர்வர் பெயர்களில் ரகசியத்தை எழுதி வைக்காதீர்கள்.

ஒரு செயலியோ, ஒரு வைஃபையோ, தொலைபேசியில் பேசும் ஒருவரோ ‘இந்தச் சான்றிதழை நிறுவுங்கள்’ என்றால் மறுத்துவிடுங்கள். மூலச் சான்றிதழ் ஒன்றை உள்ளே விட்டால், அதை வைத்திருப்பவர் எந்தத் தளத்தின் பெயரிலும் கையெழுத்திடலாம்; உங்கள் பிரவுசர் முணுமுணுக்கவும் செய்யாது. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் ‘நம்பகமான சான்றுகள்’ பகுதியில் ‘பயனர்’ என்ற தாவலைத் திறந்து பாருங்கள். சொந்தக் கைபேசியில் அது காலியாக இருக்க வேண்டும். ஐபோனில் பொது அமைப்புகள், ‘அறிமுகம்’ என்ற பக்கத்தின் அடியில் சான்றிதழ் நம்பிக்கை அமைப்புகள் இருக்கும். அலுவலகம் கொடுத்த கருவியில் நிறுவனச் சான்றிதழ் இருப்பது இயல்பு. அதில் நீங்கள் பார்ப்பதை அலுவலகமும் பார்க்கலாம் என்பதும் இயல்பு.

தளம் நடத்தும் வாசகர்களுக்குச் சில வரிகள். 398 நாளாக இருந்த சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள். 2027 மார்ச் 15 முதல் 100. 2029 மார்ச் 15 முதல் 47. நாட்காட்டியில் குறித்துக் கையால் புதுப்பிக்கும் காலம் முடிந்தது. லெட்ஸ் என்க்ரிப்ட் காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சலையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. தானியங்கிப் புதுப்பித்தல் தோற்பது பெரும்பாலும் சில்லறைக் காரணங்களால்: 80-ஆம் போர்ட்டை யாரோ மூடியிருப்பார்கள், டிஎன்எஸ் வேறு சர்வருக்கு மாறியிருக்கும், புதிய சான்றிதழ் வந்துவிட்டிருக்கும், வெப் சர்வரை ரீலோட் செய்யாததால் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கடைசித் தவறுதான் மிகவும் ஏமாற்றும், ஏனென்றால் கோப்பைத் திறந்து பார்த்தால் தேதி சரியாக இருக்கும். எனவே கோப்பைப் பார்க்காமல், வெளியிலிருந்து தளத்தோடு இணைந்து காலாவதித் தேதியைப் படிக்கும் கண்காணிப்பை வையுங்கள். மேசைக் கணினியில் திறக்கும் தளம் கைபேசியில் மட்டும் எச்சரிக்கை தந்தால், உங்கள் சான்றிதழை மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டிருக்கிறதா பாருங்கள். முழுச் சங்கிலிக் கோப்பைக் கொடுத்தால் சரியாகிவிடும். பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. 2018 டிசம்பரில் எரிக்சன் மென்பொருளுக்குள் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியாகி, பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஒருநாள் மொபைல் டேட்டா இல்லாமல் தவித்தார்கள். 2020 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸும் அதே காரணத்தால் சில மணி நேரம் நின்றது.

தங்கள் நாளிதழில் அடுத்த இணையப் பாதுகாப்புக் கட்டுரை வரும்போது, பூட்டுப் படத்துக்குப் பதிலாக ஒரு போலி முகவரியை அச்சிட்டு, உரிமையாளரின் பெயர் எந்தத் துண்டு என்று அம்புக்குறி போட்டுக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியில் உள்ள ஒரு வாசகர்