காலைப் பரிசு வரதட்சணை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஜெர்மானியர் திருமணம் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'ஜெர்மானியரிடமும் வரதட்சணை இருந்தது, அதன் பெயர் மோர்கன்காபெ' என்று ஒரு வரி. படித்த அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

மோர்கன்காபெ என்றால் காலைப் பரிசு. முதலிரவுக்கு மறுநாள் காலையில் மாப்பிள்ளை தன் பெண்டாட்டிக்குக் கொடுப்பது. 13ஆம் நூற்றாண்டுச் சாக்சன் சட்டம், காலையில் சாப்பிடும் முன் அவளோடு பந்திக்குப் போகும்போது கொடுக்கலாம் என்று நேரத்தைக்கூடச் சொல்கிறது. வீடு, வேலி, மேய்கிற மாடு எல்லாம் அதில் உண்டு. இத்தாலியை ஆண்ட லம்பார்டு என்ற ஜெர்மானிய இனத்தின் அரசன் லியூட்பிராண்ட் 717இல் போட்ட சட்டமும் உங்களுக்குத் தெரியாததல்ல. கணவன் தன் சொத்தில் கால் பங்குக்கு மேல் காலைப் பரிசு கொடுக்கக் கூடாது, கொடுப்பதையும் உறவினர் முன்னால் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றான். கொடுக்கிற கையைத்தான் அங்கே சட்டம் பிடித்து நிறுத்தியிருக்கிறது. இதையா வரதட்சணை என்பது?

வரதட்சணை எது என்று எனக்குத் தெரியும். 1984இல் என் அப்பா 22 பவுன் போட்டு அனுப்பினார். நாலாம் மாதமே கொழுந்தனாரின் கடைக்காக 15 பவுன் அடகுக்குப் போனது. கல் அட்டிகையை நானே கழற்றி மாமியார் கையில் கொடுத்தேன். கொக்கி கீறிப் பின்கழுத்தில் இரண்டு நாள் எரிந்தது. நகை திரும்பி வரவே இல்லை. என் வீட்டுக்காரர் இறந்தபோது என் பெயரில் ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. காலைப் பரிசோ, கணவன் போன பிறகும் அவளுக்கென்று நின்ற சொத்து.

அங்கே பெண்கள் சுகமாக இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பிராங்கு என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தின் அரசன் சில்பெரிக்கை மணந்த கால்சுவிந்தா கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டாள். ஆனாலும் காலைப் பரிசும் மற்ற சீருமாக அவளுக்கு வந்த பொர்தோ, லிமோஜ் உள்ளிட்ட ஐந்து ஊர்களை உடன்பிறந்தவள் புருன்ஹில்டா விடாமல் கேட்டு, 587இல் ஆண்டலோ ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாள்.

போன வருடமும் இப்படித்தான். அரச குலத்து ஆண் தகுதி குறைந்த குடும்பத்துப் பெண்ணை மணக்கும் 'மார்கனாடிக்' திருமணம் மார்கன் என்ற ஆளின் பெயரால் வந்தது என்று போட்டிருந்தீர்கள். அதுவும் இந்தக் காலைப் பரிசிலிருந்து வந்த சொல்தான். காலைப் பரிசோடு அவள் உரிமை முடிந்தது, பட்டமும் வாரிசுரிமையும் கிடையாது என்ற பொருளில் வந்தது. 1900இல் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட், சோபியை மணந்தது அந்த முறையில்தான். இதை அப்போதே இரண்டு பக்கக் கடிதமாக எழுதி அனுப்பினேன். பதிலே வரவில்லை. பிரசுரிக்காவிட்டால் போகிறது, கிடைத்தது என்று ஒரு அஞ்சலட்டை போட்டிருக்கலாம். முன்பெல்லாம் போடுவீர்கள்.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போதும்: மோர்கன்காபெ மணமகன் மணமகளுக்குக் கொடுத்தது. வாசகர் கடிதப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
31 வருட வாசகி,
திண்டுக்கல்