பஞ்சிகாவத்தை உதிரிப்பாக வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வணிகப் பெருமக்களே,

கொழும்பில் வாகனம் வைத்திருப்பவர் எவரானாலும் ஒரு பாகம் தேவைப்பட்டால் முதலில் உங்கள் தெருவுக்கே வருகிறார். அந்த உரிமையில் ஒன்றைக் கேட்கிறேன். “பிரேக் ஒயில் ஒரு போத்தல் தாருங்கள்” என்று வருபவரிடம், எந்த வாகனம், பிரேக் திரவத் தாங்கியின் மூடியில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்று கேட்டறியாமல் எதையும் விற்க வேண்டாம்.

சென்ற ஆண்டு நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக அம்மாவுடன் இறங்கிக்கொண்டிருந்தபோது, பிரேக் மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, ஒரு கொழுந்து மடுவத்தின் முன்னால் ஒருவாறு நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் மிதி பழையபடி கெட்டியானது. அதனால்தான் பலர் இதைப் பொருட்படுத்தாமல் பயணத்தைத் தொடர்கிறார்கள். கொழும்பு திரும்பியதும் திருத்துநர் மூடியைத் திறந்தார். உள்ளே பிளேன்டி நிறத்தில் திரவம் இருந்தது, ஈரத்தை அளக்கும் சோதனைக் கருவியை அமிழ்த்தியதும், நீர் மிகுந்துவிட்டதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்னர் ஒரு கடையில், திறந்திருந்த பெரிய போத்தலிலிருந்து அளந்து தந்ததை நானும் கேள்வி கேட்காமல் வாங்கி ஊற்றியிருந்தேன்.

பிரேக் ஒயில் என்று நாம் வழக்கமாக வாங்குவது கிளைக்கோல் என்னும் வேதிப்பொருள் வகைத் திரவம், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதன் தர வகைகளே டொட் 3, டொட் 4 என்று எண்ணிடப்படுகின்றன. புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது நியமம், அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அந்த எல்லை 140 பாகையாக இறங்குகிறது. டொட் 4க்கு இவை 230, 155. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறித் திரவம் கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகிறது. திரவத்தைப் போலன்றி ஆவி அமுங்கிவிடுவதால், மிதிக்கும் விசை சில்லுக்குப் போய்ச் சேர்வதில்லை. கடற்காற்று வீசும் இந்நகரில் திறந்த போத்தல் எவ்வளவு காலம் நல்லதாக இருக்கும் என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள்.

எண்களிலும் ஒரு பொறி உண்டு. 4ஐ விட 5 மேலானது என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். டொட் 3, டொட் 4, டொட் 5.1 ஆகியவை கிளைக்கோல் குடும்பம். டொட் 5 சிலிக்கோன். அது மற்றவற்றோடு கலவாது, ஏபிஎஸ் (சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் முறை) பொருத்திய வாகனங்களுக்கு உகந்ததும் அன்று. டொட் 5.1 பெயரால் மட்டுமே அதற்கு நெருக்கம். உறவு டொட் 4உடன்தான். டொட் 3 கேட்கும் வாகனத்துக்கு டொட் 4 ஊற்றுவதால் பொதுவாகக் கேடில்லை. டொட் 4 கேட்கும் வாகனத்துக்கு டொட் 3 கொடுப்பது தவறு.

“ஒயில்” என்ற பேச்சு வழக்கே சிலரைப் பவர் ஸ்டியரிங் ஒயிலை ஊற்ற வைத்திருக்கிறது. அதிலுள்ள கனிய எண்ணெய் பட்டால், மிதியின் விசையைத் திரவத்துக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் இறப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். பின்னர் முழுத் தொகுதியையும் கழற்ற வேண்டிவரும்.

ஆகவே, அளந்து விற்பதை நிறுத்தி, முத்திரை உடையாத சிறு போத்தல்களை மட்டும் விற்குமாறும், டொட் 5ஐத் தனித் தட்டில் வைக்குமாறும், விற்ற வகையைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்